ஈயமும் தசமபாகமும்: 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில வணிகக் கடிதங்கள் குறித்துச் சில சிந்தனைகள்

திருச்சபை வரலாற்றைப் பயிலும் நாம் வழக்கமாக நாடும் சான்றுகள் எவை என்பது யாவரும் அறிந்ததே. பிரசங்கத் தொகுதிகள், சங்க நடவடிக்கைக் குறிப்புகள், மிஷனெரிகளின் நாட்குறிப்புகள் ஆகியவற்றை ஊன்றிக் கற்கிறோம். வணிகர் தம் காரியஸ்தருக்கு எழுதிய கடிதங்களை எடுத்துப் பார்ப்போர் நம்மில் மிகச் சிலரே. ஈயத்தின் விலை என்ன, பொதிக்குதிரைகள் வந்து சேர்ந்தனவா, உருக்காலைக்குத் தண்ணீர் போதுமா என்று கேட்கும் ஒரு கடிதத்தில் இறையியலுக்கு என்ன வேலை என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆயினும், 18-ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தில் காரீயச் சுரங்கத் தொழிலை நடத்தியவர்களின் கடிதங்களையும் கணக்குகளையும் அணுகும்போது இவ்வெண்ணம் நிலைப்பதில்லை. ஒரு பேராயரின் வருமானமும், ஆங்கில இறையியலின் தலைசிறந்த நூல்களுள் ஒன்று உருவான ஒரு குருமனையும், முதிர்ந்த மாலுமிகளைப் பேணிய ஒரு தரும நிலையமும் அம்மலைகளின் தாதுவை எதிர்நோக்கி இருந்தன. அத்தாது எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதைப் பிரசங்கங்களில் நாம் காண இயலாது. அதைக் காண வணிகரின் ஏடுகளுக்கே செல்லவேண்டும்.

இங்கிலாந்தின் முதுகெலும்பு எனப்படும் பென்னைன் மலைத்தொடரின் வடபகுதியில் ஆல்ஸ்டன் மூர், வியர்டேல், ஆலன்டேல், டீஸ்டேல் என்னும் பகுதிகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மழையும் பனியும் மிகுந்த இம்மேட்டு நிலத்தில் வேளாண்மை சிறிது. மண்ணுக்குக் கீழ் இருந்த ஈயமே மக்களின் பிழைப்பு. 18-ஆம் நூற்றாண்டில் இங்கு மூன்று பெருந்தரப்பினரை நாம் காண்கிறோம். முதலாவது, 1692-இல் அரச பட்டயம் பெற்ற லண்டன் ஈயக் கம்பெனி. அதன் இயக்குநர்களிற் பெரும்பாலோர் நண்பர் சங்கத்தார், அதாவது குவேக்கர் ஆதலின், மக்கள் அதனைக் குவேக்கர் கம்பெனி என்றே அழைத்தனர். இரண்டாவது, நியூகாசில் நகரின் பிளாக்கெட் குடும்பம். ஆலன்டேல் அவர்களுக்குச் சொந்தம். வியர்டேல் சுரங்கங்களையோ அவர்கள் டர்ஹாம் பேராயரிடமிருந்து குத்தகைக்குப் பெற்றிருந்தனர். மூன்றாவது, கிரீனிச் மருத்துவமனை. 1715-ஆம் ஆண்டின் கலகத்தில் சேர்ந்து 1716-இல் தலை துண்டிக்கப்பட்ட ரோமன் கத்தோலிக்கப் பிரபு டெர்வென்ட்வாட்டரின் நிலங்கள் அரசால் பறிக்கப்பட்டு, 1735-இல் கடற்படை மாலுமிகளுக்கான இம்மருத்துவமனைக்கு அளிக்கப்பட்டன. ஆல்ஸ்டன் மூர் அந்நிலங்களுள் அடங்கும். அங்குத் தோண்டப்பட்ட தாதுவில் ஐந்தில் ஒரு பங்கு நில உரிமையாளருக்கு உரியது. போரை முற்றிலும் மறுத்த குவேக்கர், தம் தாதுவில் ஐந்தில் ஒரு பங்கைக் கடற்படையின் மருத்துவமனைக்கு அளந்து கொடுத்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

இம்மூன்று தரப்பிலும் உரிமையாளர் ஓரிடத்தில் இருந்தனர்; சுரங்கம் வேறிடத்தில் இருந்தது. லண்டனுக்கும் ஆல்ஸ்டனுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ முந்நூறு மைல். ஆகவே எல்லாம் கடிதத்தின் வழியாகவே நடைபெறவேண்டியிருந்தது. எழுதிய கடிதத்தை அனுப்புமுன் எழுத்தர் அதனை ஓர் ஏட்டில் படியெடுத்து வைப்பார். நமக்கு எஞ்சியுள்ளவை பெரும்பாலும் இத்தகைய படியேடுகளே. கிரீனிச் மருத்துவமனையின் வடபகுதி நிலங்களுக்குப் பொறுப்பாளராக 1764 முதல் 1777 வரை நிக்கலஸ் வால்டனுடன் பணியாற்றியவர், எடிஸ்டன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய பொறியாளர் ஜான் ஸ்மீட்டன். இவர்களைப் போன்றோர் மாதந்தோறும் மேலிடத்துக்கு விடைகூறவேண்டியவர்கள். நேரில் ஒரு நாழிகையில் பேசி முடித்திருக்கக் கூடியவற்றை அவர்கள் எழுதி வைத்ததாலேயே நாம் இன்று அவற்றை அறிய முடிகிறது.

இக்கடிதங்களைப் படிக்க முற்படும் மாணவர் முதலில் தடுமாறுவது தேதியில்தான். குவேக்கர், மாதங்களின் பெயர்களில் புறஜாதித் தெய்வங்களின் பெயர்கள் கலந்திருப்பதால் அவற்றை எழுதமாட்டார்கள். முதலாம் மாதம், இரண்டாம் மாதம் என்றே எழுதுவர். ஞாயிறு அவர்களுக்கு முதலாம் நாள். 1752-ஆம் ஆண்டின் நாட்காட்டி மாற்றத்துக்கு முன் அவர்களுடைய முதலாம் மாதம் மார்ச் ஆகும்; ஜனவரி அன்று. மேலும், இங்கிலாந்தின் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-ஆம் தேதியே பிறந்தது. எனவே ‘1740, பன்னிரண்டாம் மாதம் 10’ என்று தேதியிட்ட ஒரு கடிதம், இன்றைய கணக்கில் 1741 பிப்ரவரியில் எழுதப்பட்டதாகும். இதனை அறியாதவர் பதிலைக் கேள்விக்கு முன்னும், விலைச்சரிவை அதன் காரணத்துக்கு முன்னும் வைத்துவிடுவார். யாத்திராகமத்தில் முதலாம் மாதம் எது என்று கணக்கிட்டுப் பழகிய நம் மாணவர்களுக்கு இது அத்துணைக் கடினமன்று. குவேக்கர் தம் கடிதங்களில் ‘தங்கள் தாழ்மையுள்ள ஊழியன்’ என்று கையொப்பமிடுவதும் இல்லை. பிரபுவாயினும் வண்டிக்காரனாயினும் ஒருமையிலேயே விளித்து, ‘உன் நண்பன்’ என முடிப்பர். மரியாதைப் பன்மைக்குப் பழகிய நம் செவிக்கு இது முரட்டுத்தனமாக ஒலிக்கலாம். அவர்களுக்கோ இது விசுவாச அறிக்கையின் ஒரு பகுதியாகும்.

அளவைகளும் அவ்வாறே. ஈயம் ‘ஃபாதர்’ என்னும் எடையில் விற்கப்பட்டது. அது லண்டனில் பத்தொன்பதரை அந்தர். நியூகாசிலிலோ 21 அல்லது 22 அந்தர். ஒரே சொல், இரு எடை. விலையை மட்டும் குறித்து எந்த ஊர் எடை என்று குறியாத கடிதம், வழக்குக்கு வழிவகுக்கும் கடிதமாகும். நீதிமொழிகள் வெவ்வேறான நிறைகற்களைப் பற்றிக் கூறுவதை நாம் இங்கு நினைவுகூரலாம். ஆயினும் இவ்வேறுபாடு பெரும்பாலும் வஞ்சகத்தால் அன்று, பழைய ஊர் வழக்கத்தால் வந்தது எனச் சொல்வதே நியாயம்.

இனி, கடிதங்கள் எதைப் பற்றிப் பேசின என்று பார்ப்போம். சுரங்கத் தொழிலாளர் நாட்கூலிக்கு வேலை செய்தவர் அல்லர். நான்கு, ஆறு, எட்டுப் பேர் கூட்டாகச் சேர்ந்து, குறிப்பிட்ட ஓர் இடத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தோண்ட ஒப்பந்தம் செய்வர். தூய்மைப்படுத்திய தாது ‘பிங்’ ஒன்றுக்கு, அதாவது எட்டு அந்தருக்கு, இவ்வளவு என்று விலை பேசப்படும். தாது செழிப்பாய்க் கிடைத்தால் அடுத்த ஒப்பந்தத்தில் காரியஸ்தர் விலையைக் குறைப்பார். தாது அரிதானால் சற்று உயர்த்துவார். ஆக, நல்ல தாதுவைக் கண்ட மகிழ்ச்சி தொழிலாளருக்கு நெடுநாள் நீடிப்பதில்லை. காரியஸ்தரும் தொழிலாளரும் ஒருவரையொருவர் அளந்து பார்த்த ஒரு நுட்பமான போட்டி இதில் இருந்தது. பாறையைப் படிக்கத் தெரிந்த முதியவர் தாம் கண்டதை வெளியில் சொல்லமாட்டார். காரியஸ்தரும் தாம் ஊகித்ததைக் காட்டமாட்டார். கருவிகள், மெழுகுவர்த்தி, வெடிமருந்து ஆகியவற்றின் செலவு தொழிலாளர் கணக்கில் எழுதப்பட்டது. பெண்களும் சிறுவரும் திறந்தவெளியில், குளிர்ந்த நீரில் தாதுவைக் கழுவினர்.

இவர்களுக்குக் கணக்குத் தீர்க்கப்பட்டது ஆண்டுக்கு ஒருமுறை. இடையில் உயிர் தரிக்க மாதந்தோறும் ஒரு சிறு முன்பணம் கொடுக்கப்படும். ஆண்டு முடிவில் தோண்டிய தாதுவின் மதிப்பு முன்பணத்துக்கு மேற்பட்டால் மிச்சம் கைக்கு வரும். குறைந்தால் கடன் அடுத்த ஆண்டுக்குச் செல்லும். இந்த ஆண்டுக் கணக்குநாளே காரியஸ்தரின் கவலைகளுட் பெரியது. மலைநாட்டில் நாணயம் இல்லை. லண்டனில் விற்ற ஈயத்தின் மதிப்பு இரண்டு மூன்று மாதத் தவணையுள்ள உண்டியலாக வடக்கே வரும். அதை நியூகாசிலில் யாரேனும் தள்ளுபடி செய்து காசாக்கித் தரவேண்டும். காசு மூட்டை குதிரைமேல் மலையேறவேண்டும். இச்சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தாலும், ஓராண்டு உழைத்தவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். கடையில் மாவுக் கடன் வளரும். உண்டியல் தவணையைப் பற்றிய ஒரு வரி, ஒரு பள்ளத்தாக்கின் அடுப்புகளைப் பற்றிய வரியாகவும் இருந்தது.

போக்குவரத்தும் பெரிய காரியமே. நல்ல சாலைகள் இல்லாத அந்நாட்களில் ‘காலவே’ எனப்படும் சிறு குதிரைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு அந்தர் பொதி சுமந்து, வரிசையாக மேட்டு நிலத்தைக் கடந்தன. குளிர்காலத்தில் பாதை சேறாகிவிடும். கோடையிலோ வைக்கோல் அறுப்பு வந்தவுடன் குதிரைக்காரர் வயலுக்குப் போய்விடுவர். உறைபனியில் உருக்காலையின் நீர்ச்சக்கரம் நிற்கும்; வறட்சியிலும் நிற்கும். ஆகவே வானிலையைப் பற்றி எழுதாத காரியஸ்தரின் கடிதம் அரிது. நம் ஊர் மிஷனெரிகள் மழை பொய்த்ததைப் பற்றி எழுதியதற்கும் இதற்கும் தொனியில் பெரிய வேறுபாடு இல்லை.

உருக்கிய ஈயம் நியூகாசில், ஹல், செஸ்டர் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், பால்டிக் நாடுகள் எனப் பரவியது. போர் மூண்டால் கப்பல்கள் தடைப்படும், காப்பீடு உயரும், விலை தடுமாறும். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களிலும் ஈயம் வழக்கமான சரக்கு. சென்னைக்கும் அது வந்தது. தரங்கம்பாடியில் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முற்றுப்பெறுவதற்கு ஹாலேயிலிருந்து வந்த பெரிய எழுத்துகள் போதாமல், அங்கேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அதற்கு இங்கிலாந்திலிருந்து கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் அனுப்பிய செஷயர் பாலாடைக்கட்டியின் ஈய உறைகளையே உருக்கிப் பயன்படுத்தினர் என்னும் செய்தி தமிழ் அச்சு வரலாற்றில் பலமுறை கூறப்பட்டுள்ளது. நமக்கு முதலில் கிடைத்த அச்சிட்ட நற்செய்திக்கும் அத்தொலைநாட்டு உலோகத்துக்கும் இத்தகைய ஓர் உறவு உண்டு. இதனை இங்குக் குறித்துவிட்டு மீண்டும் வியர்டேலுக்குச் செல்வோம்.

வியர்டேலின் மேற்பகுதி முழுவதும் ஸ்டான்ஹோப் என்னும் ஒரே பரந்த பங்கைச் சேர்ந்தது. அப்பங்கின் ரெக்டருக்குத் தானியத்திலும் கம்பளியிலும் மட்டுமன்று, ஈயத் தாதுவிலும் தசமபாகம் உண்டு. நிலத்தின் பிரபுவாகிய டர்ஹாம் பேராயருக்கோ குத்தகை வருமானம் தனி. தாது என்பது ஆண்டுதோறும் விளையும் பயிர் அன்று. ஒருமுறை எடுத்தால் மீளாதது. அதற்குத் தசமபாகம் பொருந்துமா என்ற வினா எழுவது இயல்பே. டர்பிஷயரின் சுரங்கத் தொழிலாளர் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதற்காக நெடுநாள் வழக்காடினர். ஆயினும் ஸ்டான்ஹோப்பில் பத்தில் ஒரு பங்கு நிலைத்தது. அப்பங்கு இங்கிலாந்தின் செல்வம் மிக்க குருபதவிகளுள் ஒன்றாயிற்று.

1725 முதல் 1740 வரை அதன் ரெக்டராக இருந்தவர் யார் என்பதை இறையியல் மாணவர் நன்கு அறிவர். ஜோசப் பட்லரே அவர். லண்டன் ஈயக் கம்பெனி பட்டயம் பெற்ற அதே 1692-இல் பிறந்த பட்லர், மனச்சாட்சியைப் பற்றிய புகழ்பெற்ற பிரசங்கங்களை 1726-இல் வெளியிட்டார். சமய ஒப்புமை குறித்த தம் பெருநூலை 1736-இல் வெளியிட்டார். பின்னது ஸ்டான்ஹோப்பின் தனிமையில் உருவானது. அரசி கரோலின் அவர் இறந்துவிட்டாரோ என்று வினவியபோது, யார்க் பேராயர் ‘இறக்கவில்லை, ஆனால் புதைக்கப்பட்டிருக்கிறார்’ என்னும் பொருள்பட விடையளித்ததாக ஒரு கதை உண்டு. பட்லரின் வரலாற்றை எழுதுவோர் இக்கதையை விடாமல் கூறுகின்றனர். எந்த ஊதியத்தால் அத்தனிமை இயன்றது என்பதைக் கூறுவோர் குறைவு. அவர் மனச்சாட்சியின் அதிகாரத்தைப் பற்றிச் சிந்தித்த அறையின் விறகும் மெழுகுவர்த்தியும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாறையைக் குடைந்தவர்களின் பத்தாவது பங்கிலிருந்தே பெருமளவில் வந்தன.

இதைக் கூறி பட்லரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் கருத்தன்று. நூறாண்டு கழித்து அப்பங்கின் முன்னாள் ரெக்டர் ஹென்றி ஃபில்பாட்ஸ், ஊரில் முதியோரிடம் பட்லரைப் பற்றி விசாரித்தார். கறுப்பு மட்டக்குதிரையில் மிக வேகமாய்ச் செல்வார் என்றும், ஏழைகள் அவரை நேசித்தனர் என்றும், இரப்போர் கேட்டால் மறுக்க அறியாதவர் என்றும் செவிவழிச் செய்திகள் கிடைத்தன. ஈகை அவரிடம் குறைவின்றி இருந்தது. ஆனால் இரப்போனுக்குக் கையிலிருந்து கொடுப்பது ஒன்று; கை எங்கிருந்து நிரம்புகிறது என்று கேட்பது வேறொன்று. இரண்டாவது வினா அக்காலத்துத் திருச்சபையில் நல்லவர்களுக்குக்கூட எழவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஃபில்பாட்ஸ் தாமே, 1830-இல் எக்ஸிட்டர் பேராயராக நியமனம் பெற்றபோது, ஸ்டான்ஹோப்பின் வருமானத்தையும் உடன் வைத்துக்கொள்ள விரும்பிப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

பட்லர் பிரிஸ்டல் பேராயராக இருந்தபோது, 1739-இல் ஜான் வெஸ்லி அவரைச் சந்தித்தார். பரிசுத்த ஆவியின் அசாதாரண வரங்களைத் தமக்கு உண்டென்று பாவிப்பது மிகக் கொடிய காரியம் என்று பட்லர் அவரைக் கண்டித்து, தம் மறைமாவட்டத்தை விட்டுச் செல்லும்படி அறிவுறுத்தினார். பிற்காலத்தில் வெஸ்லி பலமுறை சென்று பிரசங்கித்த இடங்களுள் ஒன்று, பட்லரின் பழைய பங்காகிய அதே வியர்டேல். ஐரஷோப்பர்ன் என்னும் சிற்றூரில் 1760-இல் மெதடிஸ்ட் சிற்றாலயம் ஒன்று எழுந்தது. 1772-இல் ஜேன் சால்கெல்ட் என்னும் பள்ளி ஆசிரியையின் மாணவரிடையே தொடங்கிப் பரவிய எழுப்புதலை வெஸ்லி தம் நாட்குறிப்பில் விரிவாக எழுதியுள்ளார். தசமபாகம் ஸ்டான்ஹோப்புக்குச் சென்றது. மக்களின் இருதயமோ ஐரஷோப்பர்னுக்குச் சென்றது. இவ்விரண்டையும் காரணமும் விளைவுமாக இணைத்துவிட நாம் துணியோம். தொலைவு, பங்கின் பரப்பு, குருமாரின் பற்றாக்குறை ஆகியனவும் இதற்குக் காரணமாயின. ஆயினும் இரண்டும் ஒரே பள்ளத்தாக்கில் ஒரே மக்களிடையே நிகழ்ந்தன.

குவேக்கரின் நிலை வேறு விதமானது. தசமபாகம் கொடுப்பதே அவர்களுக்குப் பாவம். அதற்காகத் தம் பொருள்கள் பறிமுதல் செய்யப்படுவதைப் பொறுத்தவர்கள் அவர்கள். கடனைத் தீர்க்காத வணிகனைத் தம் சங்கத்திலிருந்து விலக்குமளவு நேர்மையில் கண்டிப்பானவர்கள். கம்பெனி 1753 முதல் நென்ட்ஹெட்டில் தொழிலாளருக்காக வீடுகள் கட்டி ஓர் ஊரை அமைத்தது. நூற்றாண்டின் இறுதியில் தானிய விலை ஏறியபோது தானியம் வாங்கித் தொழிலாளருக்குக் குறைந்த விலையில் அளித்தது. இவற்றையெல்லாம் ஆர்தர் ரெய்ஸ்ட்ரிக் 1938-இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். அவர் தாமும் குவேக்கர். முதல் உலகப்போரில் படையில் சேர மறுத்துச் சிறை சென்றவர். அவரது நூலில் பெருமிதம் சற்று மிகுதி எனினும், ஏடுகளை நேரில் கண்டு எழுதியதால் அது இன்றும் பயன்படுகிறது.

ஆனால் ஈயத்துக்கு ஒரே பயன் இல்லை. ஒரே உருக்காலையின் பாளம் ஆலயத்தின் கூரையாகலாம், சன்னல் கண்ணாடியைத் தாங்கும் சட்டமாகலாம், தண்ணீர்க் குழாயாகலாம், துப்பாக்கிக் குண்டும் ஆகலாம். துறைமுகத்தில் விற்றபின் அது எதுவாகும் என்பது விற்றவர் கையில் இல்லை. பர்மிங்காமில் துப்பாக்கி செய்த சாமுவேல் கால்ட்டன் என்னும் குவேக்கர் 1796-இல் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார். தம்மைத் தற்காத்து எழுதுகையில் அவர், போருக்கு வரி செலுத்துவோரும் பொருள் அளிப்போரும் எவ்வாறு தம்மினின்று வேறுபடுகின்றனர் என்று கேட்டார். அவருடைய வாதத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. துப்பாக்கியைக் கண்டவர்க்கு அது யாதென்று தெரியும். ஈயப் பாளமோ எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. அதன் விலையைப் பேசும் கடிதமும் காட்டிக்கொடுப்பதில்லை.

அக்கடிதங்கள் மௌனமாய் இருந்த இன்னொன்று உண்டு. பாறைத்தூசியும் வெடிமருந்துப் புகையும் கலந்த காற்று சுரங்கத்தாரின் நுரையீரலை அரித்தது. ஊரிலிருந்து தொலைவில் இருந்த சுரங்கங்களில், வாரநாட்களில் அவர்கள் நெருக்கடியான ஓர் அறையில் ஈர உடைகளோடு கூட்டமாய் உறங்கினர். இவற்றை அரசாங்கம் விசாரித்து எழுதியது 1842-லும் 1864-லும் வெளியான அறிக்கைகளிலேயே. 18-ஆம் நூற்றாண்டின் காரியஸ்தர் கல்நெஞ்சர் அல்லர். அவர்களிற் பலர் அதே பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள். ஆனால் லண்டன் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் விடையெழுதினர். தொழிலாளரின் மூச்சைப் பற்றி லண்டன் கேட்கவில்லை.

அத்தொழிலாளர் தாமே எழுதிய கடிதங்கள் மிக அரிது. அவர்களை நாம் சந்திப்பது ஒப்பந்த ஏடுகளில்தான். இடத்தின் பெயர், பிங் ஒன்றுக்கு விலை, தவணை, அதன்கீழ்க் கூட்டத்தலைவரின் பெயர்; சில இடங்களில் கையொப்பம், சில இடங்களில் ஒரு சிலுவைக்குறி. தலைவரின் பெயரை அடுத்து எழுத்தர் வழக்கமாகச் சேர்க்கும் தொடர் ஒன்று உண்டு: ‘மற்றும் அவருடைய கூட்டாளிகள்’. அக்கூட்டாளிகளின் பெயரை அறிய விரும்புவோர் ஸ்டான்ஹோப்பின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் புரட்டவேண்டும். அவற்றை எழுதி வைத்தவர் ரெக்டரும் அவருடைய உதவிக் குருவுமே.